டிசென்டர்ஸ்: கீழே விழுந்தாலும் கோபம் வராத சைக்கிள் கேம்

சைக்கிள் ஸ்டன்ட் கேம் என்று தேடினால் மொபைலில் வரிசையாக வந்து விழும். அதில் பாதிக்கு மேல், பட்டனை அமுக்கினால் வண்டி தானாகவே குட்டிக்கரணம் போட்டு, தானாகவே நேராகி, தானாகவே இறங்கிவிடும். ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு வேலையும் இல்லை. டிசென்டர்ஸ் அந்த ரகம் இல்லை. காற்றில் சுற்றுவது உங்கள் பொறுப்பு, சக்கரம் தரையைத் தொடும்போது வண்டி எந்தக் கோணத்தில் இருக்கிறது என்பதும் உங்கள் பொறுப்பு. நான் விளையாடியதில் இந்த அளவுக்குப் பிடித்த சைக்கிள் கேம் வேறு இல்லை.

நெதர்லாந்தின் ரேஜ்ஸ்குவிட் என்ற சின்ன ஸ்டூடியோ செய்தது, நோ மோர் ரோபோட்ஸ் வெளியிட்டது. 2018 பிப்ரவரியில் சோதனைப் பதிப்பாக வந்து, 2019 மே மாதம் முழுசாக வெளியானது. முதலில் கம்ப்யூட்டரும் எக்ஸ்பாக்ஸும், அப்புறம் பிளேஸ்டேஷன், ஸ்விட்ச், மொபைல் என்று பரவியது.

மலை உச்சியில் நிறுத்துவார்கள், அடிவாரம் போய்ச் சேர வேண்டும், அவ்வளவுதான் கதை. ஆனால் ஓட்டும் விதத்தில்தான் எல்லாம் இருக்கிறது. கன்ட்ரோலரின் இடது ஸ்டிக் ஹேண்டில்பார், வலது ஸ்டிக் உங்கள் உடம்பு. எடையைப் பின்னால் தள்ளுவது, முன்னால் சாய்வது, ரேம்ப் ஏறும்போது உடம்பை அமுக்கி விளிம்பில் விடுவது எல்லாம் அந்த ஒரு ஸ்டிக்கில்தான். அமுக்கி விடுகிற நேரம் கொஞ்சம் பிசகினாலும் தாவும் உயரம் குறைந்து, அடுத்த மேட்டின் முகத்திலேயே போய் மோதுவீர்கள்.

பேக்ஃபிளிப்பையே, அதாவது பின்பக்கமாகப் போடும் குட்டிக்கரணத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். புதிதாக ஆடுகிறவர்கள் முழுச் சுற்றையும் முடித்து வண்டியைக் கிடைமட்டமாகக் கொண்டுவந்துவிட்டால் போதும் என்று நினைப்பார்கள். தரை கிடைமட்டமாக இருந்தால் அது சரி, ஆனால் இங்கே இறங்கும் இடம் எப்போதும் சரிவு. வண்டி கிடைமட்டமாக வந்தால் பின்சக்கரம் முதலில் தட்டி, முன்பக்கம் படாரென்று அடிக்கும், வேகம் போய்விடும், சில சமயம் ஆளே தூக்கி எறியப்படுவார். அதனால் சுற்று முழுதாக முடிவதற்குச் சற்று முன்பே, முன்சக்கரம் இன்னும் கீழே பார்த்தபடி இருக்கும்போதே நிறுத்தி, சரிவோடு சரிவாக வண்டியை வைக்க வேண்டும். இரண்டு சக்கரமும் ஒன்றாகத் தரையைத் தொட்டு, வேகம் கொஞ்சமும் குறையாமல் வண்டி கீழே பாயும் அந்த நொடிக்காகவே இந்த கேமை வாங்கலாம்.

கேரியர் முறையில் ஹைலேண்ட்ஸ், காடு, கேன்யன், பீக்ஸ் என்று பகுதி பகுதியாக முன்னேற வேண்டும். கையில் சில உயிர்கள்தான், விழ விழக் குறையும், எல்லாம் தீர்ந்தால் அந்த ஓட்டம் முடிந்தது. ஒவ்வொரு தடத்துக்கும் செங்குத்து எவ்வளவு, வளைவு எவ்வளவு, ஸ்டன்ட் எவ்வளவு என்று முன்கூட்டியே காட்டிவிடுவார்கள், எந்த வழியாகப் போவது என்பது உங்கள் முடிவு. பகுதியின் கடைசியில் பாஸ் ஜம்ப் என்று ஒரு ராட்சதத் தாவல் காத்திருக்கும். அதுவரை வந்த பிறகு கை நடுங்குவது உண்மை, ஏனென்றால் இத்தனை நேரம் சேர்த்துவைத்த உயிர்களை எல்லாம் அங்கே பணயம் வைக்க வேண்டியிருக்கும்.

தடங்களைக் கம்ப்யூட்டரே ஒவ்வொரு முறையும் புதிதாக உருவாக்குகிறது. மனப்பாடம் செய்து ஜெயிக்க முடியாது, கண்ணும் கையும் பழகினால்தான் உண்டு. இது எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம். ஆனால் கேமின் குறையும் இதே இடத்தில்தான். சில தடங்களில் ரேம்ப்பின் உச்சியில் நிற்கும்வரை இறங்கும் இடம் கண்ணுக்கே தெரியாது, தெரியும்போது பாதை ஒரு பக்கம் திரும்பியிருக்கும். முழு வேகத்தில் தாவியவர் மரத்துக்குள்தான் போவார். கையால் வடிவமைத்த தடத்தில் இப்படி நடக்க விடமாட்டார்கள். மற்ற நேரங்களில் விழுந்தால் எதனால் விழுந்தோம் என்று உடனே புரியும், அதனால் கோபமே வராது. இந்த மாதிரித் தடங்களில் மட்டும் வரும்.

கையால் வடிவமைத்த தடம்தான் வேண்டும் என்பவர்களுக்குத் தனியாக பைக் பார்க்குகள் இருக்கின்றன. கம்ப்யூட்டர் பதிப்பில் ரசிகர்கள் உருவாக்கிய மோட் மேப்களும் ஏராளம். ஒரே இறக்கத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டி வளைவுக்கு வளைவு நேரத்தைக் குறைக்கப் பிடிக்கும் என்றால், கேரியரைவிட அங்கேதான் அதிக நேரம் போகும். பின்னணியில் லிக்விசிட்டி நிறுவனத்தின் டிரம் அண்ட் பேஸ் இசை ஓடுகிறது, வேகத்துக்கு நன்றாகப் பொருந்துகிறது.

கேமில் நீங்கள் சேரக்கூடிய அணிகள் மூன்று: எனிமி ஸ்டன்ட் ஆட்களுக்கு, கைனெட்டிக் வேகக்காரர்களுக்கு, ஆர்போரியல் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்குபவர்களுக்கு. ஆடும் சுகத்தில் இதனால் பெரிய மாற்றமில்லை, பிடித்த நிறத்துக்காகச் சேர்ந்தாலும் போதும்.

வாங்குவதாக இருந்தால் கன்ட்ரோலரோடு ஆடுங்கள். விசைப்பலகையில் எடையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்க்க வழியில்லை, ஒன்று முழுசாக அல்லது ஒன்றுமில்லை. தொடுதிரையில் என் விரலே பாதையை மறைக்கிறது. ஆரம்பத்தில் ஸ்டன்ட் அளவு குறைவாக உள்ள தடங்களையே எடுத்து, பிரேக் போட்டு வளையவும் அமுக்கித் தாவவும் பழகுங்கள், குட்டிக்கரணத்தை அப்புறம் பார்க்கலாம். இன்னொன்று, இதன் அடுத்த பாகமான டிசென்டர்ஸ் நெக்ஸ்ட் 2025-இல் வந்தது, ஆனால் அது ஸ்னோபோர்டும் மவுன்டன்போர்டும். சைக்கிள் வேண்டும் என்றால் பழையதைத்தான் வாங்க வேண்டும்.