ஏழாவது வருஷத்தில் ஒரு பி450 போர்டு

2019 ஜூலையில் பெங்களூர் எஸ்.பி. ரோட்டில் வாங்கிய பி450 மதர்போர்டு (பிராசசரும் ரேமும் உட்காரும் பலகை) இன்னும் அல்சூர் வீட்டு மேசைக்கடியில் ஓடிக்கொண்டிருக்கிறது. பிராசசர் ஒருமுறை மாறியது, ரேம் இருமுறை மாறியது. போர்டு மட்டும் அதேதான். எந்த கம்பெனி போர்டு என்று கேட்காதீர்கள், இங்கே அது முக்கியமில்லை.

பி450-இல் இருப்பது ஏஎம்டி-யின் ஏஎம்4 சாக்கெட், அதாவது பிராசசர் உட்காரும் இடம். அந்தப் பக்கம் போனதற்குக் காரணம் என் மச்சான். அவனிடம் இன்டெல் பிராசசருக்கான எச்110 போர்டில் ஐ3-6100 இருந்தது. ஐ5-8400 ஒன்று மலிவாகக் கிடைக்குது என்று வாங்கி வந்துவிட்டான். "ரெண்டுமே 1151 சாக்கெட்தானே மாமா, கடைக்காரரும் போட்டா ஓடும்னாரு." சாக்கெட்டில் அழகாக உட்கார்ந்தது. ஃபேன் சுற்றியது, திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. வராது. 8400 சேர்ந்த எட்டாம் தலைமுறையில் இன்டெல் சாக்கெட்டின் உருவத்தை அப்படியே வைத்துக்கொண்டு, சில பின்களின் வேலையை மாற்றிவிட்டது. 300 வரிசை போர்டு இருந்தால்தான் அது ஓடும். சாக்கெட் பெயரை நம்பி வாங்கக்கூடாது என்று அவன் காசில் நான் கற்றுக்கொண்டேன்.

ஏஎம்4-ஐ 2020 வரை தொடர்வோம் என்று ஏஎம்டி சொல்லியிருந்தது. நான் அவர்களுடைய ரைசன் 5 2600 பிராசசரும் 3200 வேகத்தில் ஒரே ஒரு 8 ஜிபி ரேமும் வாங்கினேன். ஒரே ரேம் வாங்கியது என் கஞ்சத்தனம். அதற்கான வட்டியைப் பிறகு கட்டினேன்.

2020 மேயில் வயிறு எரிந்தது. அடுத்த ரைசன்கள் 500 வரிசை போர்டுகளுக்கு மட்டும்தான், பி450 போன்ற 400 வரிசைக்கு இல்லை என்று ஏஎம்டி அறிவித்தது. உலகம் முழுக்கக் கூச்சல். அதே மாதத்திலேயே இறங்கி வந்து பி450-க்கும் தருகிறோம் என்றார்கள். வாடிக்கையாளர் கத்தினால் பலன் உண்டு என்பதற்கு நான் கண்ட அபூர்வமான சாட்சி அது.

வீட்டிலிருந்தே வேலை என்றானதும் 2021-இல் இன்னொரு 8 ஜிபி வாங்கிச் செருகினேன். அதே கம்பெனி, அதே மாடல், அதே வேகம். ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி-யை ஆன் செய்தால் நாளுக்கு இரண்டு நீலத்திரை, விண்டோஸ் அப்படியே விழுந்துவிடும். பவர் சப்ளை மேல் சந்தேகம், விண்டோஸ் மேல் சந்தேகம், ஒரு கட்டத்தில் வீட்டு வயரிங் மேலேயே சந்தேகம். கடைசியில் ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட்86-ஐ ராத்திரி முழுக்க ஓடவிட்டேன். காலையில் திரையெல்லாம் சிவப்பு. தனித்தனியாகப் போட்டால் இரண்டும் உத்தமர்கள், சேர்ந்தால்தான் சண்டை. மேல் ஸ்டிக்கர் ஒன்றாக இருந்தாலும், உள்ளே இருக்கும் சிப் வாங்கும் வருஷத்தைப் பொறுத்து மாறலாமாம். வேகத்தை 2666-க்கு இறக்கிவைத்து இரண்டு வருஷம் ஓட்டினேன். ஜோடியாக ஒரே டப்பாவில் வரும் ரேமுக்குக் கொஞ்சம் கூடக் கொடுத்தாலும் தகும். இரண்டுதான் போடுகிறீர்கள் என்றால் பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது, நான்காவது ஸ்லாட்டில் போடுங்கள்.

2023-இல் ரைசன் 5 5600 வாங்கினேன், கூடவே 16 ஜிபி ரேம் ஒரு ஜோடி. சிக்பேட்டை மெட்ரோவில் இறங்கி நடந்தபோதே மனதில் ஒரே ஜெபம்: முதலில் பயாஸ் (ஆன் செய்ததும் பிராசசரை அடையாளம் காணும், போர்டிலேயே இருக்கும் மென்பொருள்). பழைய பிராசசர் உள்ளே இருக்கும்போதே பயாஸைப் புதுப்பிக்க வேண்டும். புதியதை மாட்டிவிட்டால் பழைய பயாஸுக்கு அது யாரென்றே தெரியாது, திரையே வராது. பென்டிரைவை பயாஸ் படிக்கக்கூடிய ஃபேட்32-ஆக ஃபார்மேட் செய்து, யுபிஎஸ் முழுக்க சார்ஜ் ஆகும்வரை காத்திருந்து, பிறகுதான் தொட்டேன். பெங்களூர் மழைக்காலம், கரண்டை நம்ப முடியாது.

பயாஸ் நல்லபடி முடிந்தது. மானம் போனது பிராசசர் மேலிருக்கும் கூலரில். திருகுகளைக் கழற்றி நேராகத் தூக்கினேன். நடுவே சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பிடித்துக்கொண்டு பிராசசரும் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு கூடவே வந்துவிட்டது. ஏஎம்4-இல் 1331 பின்களும் பிராசசரின் அடியில்தான். ஓரத்தில் மூன்று வளைந்திருந்தன. கொஞ்ச நேரம் கம்ப்யூட்டரை ஓட்டிச் சூடாக்கி, கூலரை இடமும் வலமும் லேசாகத் திருகிய பிறகே தூக்க வேண்டும் என்பது மறுநாள்தான் தெரிந்தது.

புதியதை மாட்டி ஆன் செய்ததும், பாதுகாப்புச் சாவிகளை வைத்திருக்கும் எஃப்டிபிஎம்-ஐ ரீசெட் செய்யலாமா என்று ஒரு கேள்வி. டிஸ்கைப் பூட்டும் பிட்லாக்கர் போட்டவர்கள் ரெக்கவரி கீயை முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நான் அரை மணி நேரம் மொபைலில் தேடினேன்.

ஏழு நிமிஷம் எடுத்த ஆபீஸ் பில்டு (கோடை ஓடும் புரோகிராமாக்கும் வேலை) இப்போது ஐந்துக்குள் முடிகிறது. ரேம் 3200-இல் ஒரு முனகலும் இல்லாமல் ஓடுகிறது. குறை என்றால் எஸ்எஸ்டி-க்கு டேட்டா போகும் பாதையான பிசிஐஇ 3.0-தான், பிராசசர் 4.0 தரத் தயார், போர்டு விடாது. என் எஸ்எஸ்டி-க்கு அது போதும். அடுத்த சாக்கெட்டான ஏஎம்5-க்குப் போனால் போர்டும் மாற வேண்டும், டிடிஆர்5 ரேமும் வாங்க வேண்டும். இன்றைய ரேம் விலையில் அந்தப் பேச்சே வேண்டாம்.

வளைந்த மூன்று பின்களை மெக்கானிக்கல் பென்சிலின் முனையால் ஒவ்வொன்றாக நிமிர்த்தினேன். அந்த 2600 இப்போது ஏ320 என்ற பழைய ஏஎம்4 போர்டில், மச்சான் வீட்டில். கொடுப்பதற்கு முன் அந்த போர்டின் சப்போர்ட் பட்டியலில் 2600 இருக்கிறதா என்று அவனே பார்த்துவிட்டு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினான்.