குவாக்கமோலிக்கு ஹாஸா, பெரிய பச்சைத்தோல் அவகாடோவா?

போன ஆகஸ்ட்ல ஹூஸ்டன்ல எங்க வீட்ல சொந்தக்காரங்க இருபது பேர் கூடினோம், சிப்ஸும் குவாக்கமோலியும் (அவகாடோ, அதான் நம்ம ஊர் பட்டர் ஃப்ரூட்ட, மசிச்சு சிப்ஸுக்குத் தொட்டுக்க செய்ற மெக்ஸிகோ அயிட்டம்) என் பொறுப்பு. கடையில ரெண்டு வகை பழம் பக்கத்துல பக்கத்துல குமிச்சிருந்தாங்க. ஒண்ணு சின்னதா, தோல் சொரசொரன்னு இருக்கிற ஹாஸ். இன்னொண்ணு ஃப்ளோரிடாவுல இருந்து வர்ற வழவழ பச்சைத்தோல் பழம், ஒண்ணே மூணு ஹாஸ் கனம் இருக்கும். எதுக்கு யோசனைன்னு ரெண்டையும் வாங்கி ரெண்டு கிண்ணம் பண்ணேன். இனிமே கூட்டத்துக்குன்னா எனக்கு ஹாஸ்தான்.

எடை கணக்குக்கு பெருசுதான் லாபம், வெட்டுற வேலையும் கம்மி. டப்பாவுல ரெடிமேடா வர்றது அவசரத்துக்கு ஓகே, ஆனா இப்ப நறுக்கின கொத்தமல்லி வாசம் அதுல வராது.

விஷயம் என்னன்னா தண்ணி. 100 கிராம் ஹாஸ்ல கொழுப்பு கிட்டத்தட்ட 15 கிராம், ஃப்ளோரிடா பழத்துல 10 கிராம்தான், மிச்சத்துக்கு தண்ணி ஜாஸ்தி. மசிச்ச உடனே ரெண்டும் நல்லாதான் இருந்துச்சு, ஃப்ளோரிடா பழத்துல லேசா ஒரு இனிப்பு கூட தெரிஞ்சுது. ஆனா விருந்துல யாரு உடனே சாப்பிடுறாங்க, ஒருத்தர் வருவார், பேசுவார், ஒரு மணி நேரம் கழிச்சு கிண்ணத்துகிட்ட போவார், அதுக்குள்ள உப்பு தண்ணிய இழுத்து ஓரமெல்லாம் குளம் கட்டிடுச்சு. அத்தை பாத்துட்டு "ஏம்மா, வெள்ளரிக்காப் பச்சடி மாதிரி தண்ணி விட்டிருக்கே"ன்னாங்க. சிப்ஸ் வச்சு எடுத்தா நமுத்துப் போகுது. ஹாஸ் கிண்ணம் கடைசி வரைக்கும் கெட்டியா நின்னுச்சு. தக்காளி போட்டா இன்னும் தண்ணி விடும்கிறதால விதையெல்லாம் எடுத்துட்டுதான் ரெண்டுலயும் போட்டிருந்தேன், அப்படியும் இந்த வித்தியாசம்.

இன்னொண்ணு, பழுத்துடுச்சான்னு கண்டுபிடிக்கிறது. ஹாஸ் பழுக்க பழுக்க பச்சையில இருந்து கருப்பாகும், காம்பு பக்கம் லேசா அமுக்கினா தெரிஞ்சிடும். மத்தது கடைசி வரைக்கும் பச்சைதான், கைய மட்டும்தான் நம்பணும். அதோட உலகத்துல இருக்கிற ஹாஸ் எல்லாமே கலிஃபோர்னியாவுல ருடால்ஃப் ஹாஸ்னு ஒரு தபால்காரர் வளர்த்த ஒரே மரத்தோட ஒட்டு, 1935ல பேட்டண்ட் வாங்கினார், அதனால எங்க வாங்கினாலும் குணம் பெருசா மாறாது. ஃப்ளோரிடா பழத்துல பல ரகம் இருக்கு, என் பழத்து ஸ்டிக்கர்ல எந்த ரகம்னே இல்ல. நான் அதுல பண்ணது மொத்தமே ரெண்டு தடவதான், வேற ரகம் கெட்டியா வரலாம், அதனால அந்தப் பழமே வேண்டாம்னு சொல்ல மாட்டேன். நறுக்கி வெங்காயம், எலுமிச்சை போட்டு சாலட்டா சாப்பிட அருமை. ஊர்ல பட்டர் ஃப்ரூட் ஜூஸ் போடுவோமே, பாலும் சர்க்கரையும் போட்டு, அதுக்கும் எனக்கு இதுதான் பிடிச்சிருந்துச்சு.

கருத்துப் போறதுல ரெண்டும் ஒண்ணுதான். கொட்டைய நடுவுல வச்சா பச்சையா இருக்கும்னு சொல்றாங்க, கொட்டைக்கு அடியில இருக்கிறது மட்டும்தான் பச்சையா இருக்கும். காத்து படக்கூடாது, அதான் சங்கதி, பிளாஸ்டிக் ஷீட்ட மேல ஒட்டினாப்ல அமுக்கி மூடி வைங்க.

இருபது பேருக்கு 12 ஹாஸ் சரியா இருந்துச்சு. கல்லு மாதிரி இருக்கிறத அஞ்சு நாள் முன்னாடியே வாங்கிடுங்க, பிந்துச்சுன்னா வாழைப்பழத்தோட பேப்பர் பையில போடுங்க, முந்திடுச்சுன்னா ஃப்ரிட்ஜ்ல ரெண்டு நாள் தாங்கும். மெக்ஸிகோக்காரங்க மோல்காஹெத்தேன்னு எரிமலைக் கல்லுல செஞ்ச உரல்ல முதல்ல வெங்காயம், பச்சமிளகா, கொத்தமல்லி, உப்ப நசுக்கிட்டு அப்புறம்தான் பழத்த போடுவாங்க, நம்ம இடிகல்லுலயே அது நல்லா வருது. மிக்ஸி மட்டும் வேண்டாம், கூழாயிடும்.