மாயம் வில்லிலா, அம்பிலா?

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் (டி அண்ட் டி) மாதிரி பகடை உருட்டி ஆடும் ரோல்பிளேயிங் கேமில் வில்லாளி கேரக்டர் எடுத்து ஆடுகிற எல்லோரும் என்றைக்காவது கேட்கிற கேள்விதான் இது. கையில் +1 வில் இருக்கிறது, புதையலில் +1 அம்பு பத்து கிடைத்திருக்கிறது, இரண்டையும் சேர்த்து எய்தால் +2 ஆ, இல்லை +1 தானா? (+1 என்றால் குறி பார்க்க உருட்டும் இருபது பக்கப் பகடையிலும் டேமேஜிலும், அதாவது அடியின் அளவிலும், ஒன்று கூடும்.) வாள்வீரருக்கு இந்தத் தலைவலி கிடையாது, வாள் ஒரே பொருள். வில் அப்படியில்லை. ஆயுதமே இரண்டு துண்டு, ஒன்று எப்போதும் கையில் இருக்கும், இன்னொன்று போனால் போனதுதான். இந்த இரண்டில் மாயத்தை எதில் வைப்பது என்பதற்கு ஒவ்வொரு கேமும் ஒரு பதில் வைத்திருக்கிறது. உங்கள் மாய அம்பு எய்யப்படுமா, இல்லை கடைசி வரைக்கும் அம்பறாத்தூணியிலேயே கிடக்குமா என்பதை அந்தப் பதில்தான் முடிவு செய்கிறது.

2000-இல் வந்த டி அண்ட் டி 3.0-இல் வில்லின் எண்ணும் அம்பின் எண்ணும் கூடும். +5 வில், +5 அம்பு என்றால் மொத்தம் +10. வாள்காரர் எவ்வளவு செலவழித்தாலும் மாய எண் +5-ஐத் தாண்டாது, வில்லாளி மட்டும் எங்கோ போய்விடுவார். 2003-இல் வந்த 3.5 இதை வெட்டிவிட்டது: இரண்டில் எது பெரிதோ அது மட்டும் செல்லும். ஆனால் சிறப்புத் திறன்கள் கூடும். தீப்பற்றும் வில்லில் உறைபனி அம்பு தொடுத்தால் தீயும் பனியும் இரண்டுமே இலக்கைத் தாக்கும்.

இங்கேதான் 3.5 ஆடியவர்கள் பிடித்த வழி வருகிறது, எனக்கு இன்றைக்கும் பிடித்தது. வில்லை +1-இலேயே நிறுத்திவிட்டு, மிச்சக் காசையெல்லாம் தீ, பனி, மின்சாரம் என்று திறன்களில் போடுவார்கள். மூன்றும் சேர்ந்த +1 வில் +4 ஆயுதத்தின் விலைக்கு வரும், மாயத்துக்கு மட்டும் 32,000 பொற்காசு. எண்ணை அம்பில் ஏற்றுவது குழுவின் மதகுருவின் வேலை. ஆயுதத்துக்கு மாயம் ஏற்றும் பெரிய மந்திரத்தை ஒரு முறை போட்டால் 50 அம்புக்குப் போதும், மந்திரம் போடுபவரின் நான்கு லெவலுக்கு +1 வீதம், மணிக்கணக்கில் நிற்கும். 12-ஆம் லெவல் மதகுரு என்றால் +3. ஆக, ஒரே அம்பு +3 எண்ணோடு மூன்று தனிமங்களையும் சுமந்து போகும். விதியை மீறாமல் இரண்டு பேர் யோசித்துச் செய்கிற வேலை இது. அதே நேரம் விலைக்கு வாங்கிய மாய அம்புக்கு இந்த கேமில் மரியாதையே இல்லை. பட்டால் அழிந்துவிடும், படாவிட்டாலும் பாதி வாய்ப்பு உடையும் அல்லது தொலையும். 50 அம்புக்கு ஒரு ஆயுதத்தின் விலையைக் கொடுத்துவிட்டு அதை நிம்மதியாக எய்ய யாருக்கு மனசு வரும்?

சரி, டி அண்ட் டி ஐந்தாம் பதிப்பு. 2014 விதிப்படி +1 வில்லும் +1 அம்பும் கூடும், அதைத் தடுக்கிற வரி எங்கேயும் இல்லை. கூடினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5-ஆம் லெவல் வீரர், டெக்ஸ்டெரிட்டி (சுறுசுறுப்பு) +4, புரொஃபிஷியன்ஸி (பயிற்சி) +3, வில்லாளிப் பாணியின் +2, மொத்தம் +9. எதிரியின் கவச எண், அதாவது அம்பு பட வேண்டுமானால் பகடையும் கூட்டலும் சேர்ந்து எட்ட வேண்டிய எண், 18. சாதா வில்லில் 60 சதவீதம் படும், சராசரி டேமேஜ் 8.5, ஆக ஒரு எய்தலுக்கு 5.1 (கிரிட்டிகலை, அதாவது அபாரமாகப் பட்டால் கிடைக்கும் கூடுதல் அடியை, விட்டுவிட்டேன்). +1 வில் மட்டும் இருந்தால் 6.2 பக்கம். வில்லும் அம்பும் சேர்ந்தால் 70 சதவீதம், 10.5 டேமேஜ், 7.35. கிட்டத்தட்ட 44 சதவீத ஏற்றம், அதுவும் பட்டியலில் கீழ்மட்டத்தில் இருக்கிற இரண்டு பொருளை வைத்து.

+3 வில், +3 அம்பு என்று போனால் 20-ஆம் லெவலில் பண்டைய சிவப்பு டிராகனின் 22 கவச எண்ணை நூற்றுக்குத் தொண்ணூறு முறை தாண்டிவிடலாம். கவச எண்கள் அதிகம் ஏறக் கூடாது என்பதையே அடித்தளமாக வைத்துக் கட்டிய கேம் இது, அதில் இப்படி ஒரு ஓட்டை. ஷார்ப்ஷூட்டர் ஃபீட்டின் (குறியில் -5 ஏற்றுக்கொண்டு டேமேஜில் +10 வாங்கும் சிறப்புத் திறமை) பழைய வடிவம் இருந்தால் இன்னும் மோசம். +3 வில்லும் +2 அம்பும் சேர்ந்தால் அதன் -5 மொத்தமும் காணாமல் போய், +10 டேமேஜ் இலவசமாக வந்து சேரும். 2024 திருத்தத்தில் அந்த -5/+10-ஐ எடுத்துவிட்டார்கள், நல்ல முடிவு.

ஐந்தாம் பதிப்பில் ஒரு நல்லதும் உண்டு. மாய அம்பு இலக்கில் பட்டால்தான் மாயம் போகும். தவறிப் போன அம்பு மாயத்தோடு எங்கோ கிடக்கும், சண்டை முடிந்து ஒரு நிமிடம் தேடினால் எய்ததில் பாதி திரும்பக் கிடைக்கும். 3.5-ஐ விட இது எவ்வளவோ தாராளம். ஆனாலும் குறிப்பிட்ட ஒரு வகை எதிரிக்கென்றே செய்த ஸ்லேயிங் அம்பு மாதிரி பெரிய ஐட்டம் (பட்டால் 6டி10, அதாவது பத்து பக்கப் பகடை ஆறு உருட்டி வரும் கூடுதல் டேமேஜ், எதிரி சேவ் செய்தால், அதாவது தப்பிக்க உருட்டும் பகடையில் ஜெயித்தால், பாதி) கையில் வந்தால், கர்ணன் நாகாஸ்திரத்தைக் காத்து வைத்த மாதிரி வைத்திருந்து, அந்த எதிரி வராமலே கேம்பெய்ன் முடிந்துவிடும்.

டி அண்ட் டி மாதிரியான இன்னொரு கேம் பாத்ஃபைண்டர், அதன் இரண்டாம் பதிப்பு (2019) பிரச்சினையை வேரிலேயே பிடித்தது. எண் எல்லாம் வில்லில் பொறிக்கிற ரூன் என்ற மாய எழுத்தில். அம்பில் ரூன் பொறிக்க முடியாது, அதனால் கூட்டலா இல்லையா என்ற பேச்சே எழாது. அந்த கேமில் இலக்கு எண்ணைப் பத்து தாண்டினால் கிரிட்டிகல், ஒவ்வொரு +1-க்கும் இரட்டைப் பலன், எண்ணை இவ்வளவு இறுக்கிப் பிடிக்காமல் அவர்களுக்கு வேறு வழியும் இல்லை. மாய அம்பின் வேலை ஏதாவது *செய்வது*: தூங்க வைக்கும், வெடிக்கும், பட்ட இடத்தில் விரியன் பாம்பாக மாறும். மூன்றில் எனக்கு மிகவும் பிடித்தது இந்த யோசனைதான், அம்பைப் பார்த்ததும் எப்போது எய்யலாம் என்று ஆட்டக்காரர் திட்டம் போட ஆரம்பித்துவிடுகிறார்.

ஆனால் அதைக் கெடுப்பது ஆக்‌ஷன் கணக்கு. ஒரு டர்னில், அதாவது உங்கள் முறை வரும்போது, மூன்று செயல்தான் செய்யலாம். பல அம்புகளை முதலில் ஒரு ஆக்‌ஷன் கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டும், அந்த டர்ன் முடிவதற்குள் எய்துவிடவும் வேண்டும். வில் என்றால் பரவாயில்லை. கிராஸ்போ (விசை வில்) வைத்திருப்பவருக்கு அம்பை உயிர்ப்பிக்க ஒன்று, பூட்ட ஒன்று, எய்ய ஒன்று என்று மூன்று ஆக்‌ஷனும் தீர்ந்தது, நகரக்கூட முடியாது. அவ்வளவும் செய்து குறி தவறினால் அம்பும் போச்சு. இன்னொரு குறை, அம்பின் சேவ் எண் மாறாதது. நீங்கள் லெவல் ஏற ஏற எதிரிகள் சுலபமாகத் தப்பிப்பார்கள், பத்திரப்படுத்திய அம்பு பழசாகிவிடும்.

எறி ஆயுதக்காரர்களைப் பற்றி ஒரு வார்த்தை, அவர்கள் பாடுதான் திண்டாட்டம். மாயக் கத்தியை எறிந்தால் வில்லும் அம்பும் சேர்ந்தே பறந்து போகிறது. 3.5-இல் திரும்பி வரும் திறனுக்குத் தனிவிலை கொடுத்தாலும், கத்தி உங்கள் அடுத்த டர்னுக்குச் சற்று முன்னால்தான் கைக்கு வரும், ஒரு ரவுண்டில் மூன்று தாக்குதல் இருந்து என்ன பயன்? பாத்ஃபைண்டர் இரண்டில் அதற்கான ரூன் இருந்தால் எறிந்து முடித்ததும் வந்துவிடும். இதில் டி அண்ட் டி நான்காம் பதிப்பை (2008) அடிக்க ஆளில்லை: எறிவதற்கென்றே உள்ள ஆயுதம் மாயமானதாக இருந்தால் தானாகவே கைக்குத் திரும்பும், சாதா +1 ஷுரிக்கன் உட்பட. ஒரே வரியில் தீர்ந்த விஷயத்தை மற்ற பதிப்புகள் ஏன் விட்டுவிட்டன என்று எனக்கு இன்னும் புரியவில்லை.

அம்பையே எண்ணாத கேம்களும் இருக்கின்றன. பிளாக் ஹேக்கில் கையிருப்பைக் காட்டும் பயன்பாட்டுப் பகடையை உருட்டி 1 அல்லது 2 விழுந்தால் பகடை ஒரு படி சின்னதாகும், டன்ஜன் வேர்ல்டில் எய்தது அரைகுறையாகப் பட்டால் அம்புக் கையிருப்பில் ஒன்றைக் குறைத்துக்கொள்ளலாம். சாதா அம்புக்கு அருமையான முறை. ஆனால் ‘தூங்க வைக்கிற அம்பு மூன்று’ என்று வரும்போது பகடை உதவாது, அதைத் தனியாக எழுதித்தான் வைக்க வேண்டும்.

நீங்கள் கேம் மாஸ்டர் (ஆட்டத்தை நடத்துபவர்) என்றால் என் சிபாரிசு இதுதான். எந்தப் பதிப்பு ஆடினாலும் 3.5 மாதிரி பெரிய எண் மட்டும் செல்லும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். புதையலில் +1 அம்பு இருபது வைப்பதை விட்டு, பாத்ஃபைண்டர் பாணியில் வேலை செய்கிற அம்பு இரண்டோ மூன்றோ வையுங்கள். உயிர்ப்பிக்கத் தனி ஆக்‌ஷன் கேட்காதீர்கள், நாணில் தொடுத்தாலே போதும். குறி தவறினால் ஐந்தாம் பதிப்பு மாதிரி மாயத்தோடு கிடக்கட்டும், தேடி எடுத்துக்கொள்ளட்டும். சேவ் எண்ணுக்கு மட்டும் எய்பவரின் லெவலைப் பாருங்கள், அம்பின் லெவலை அல்ல. ஸ்லேயிங் அம்பு கொடுப்பதாக இருந்தால், அது கொல்ல வேண்டிய எதிரியை அடுத்த இரண்டு மூன்று அமர்வுக்குள் கண்ணில் காட்டிவிடுங்கள்.