டர்பனில் போன் வாங்கப் போகிறவர்கள் கவனத்துக்கு

தீபாவளிக்குப் புது போன் வாங்கலாம் என்று கோவிலில் இரண்டு பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சொன்ன கடையின் பெயரைக் கேட்டதும் எனக்கு வயிறு எரிந்தது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஏப்ரலில், பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு ஆர்கேடில் (சிறு கடைகள் வரிசையாக இருக்கும் கட்டடம்) இருக்கும் அதே கடையில்தான் நானும் போன் வாங்கினேன். 7,400 ரேண்ட். பெரிய கடைகளில் அதே போன் 8,900. மாடலைப் பற்றி ஒரு வாரம் படித்துவிட்டுத்தான் போனேன். மெஷினில் தட்டிப் பணம் கட்ட என்எஃப்சி வேண்டும், மூன்று வருஷமாவது அப்டேட் வரவேண்டும். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். "எல்லாம் இருக்கு அங்கிள், ஒரு வருஷ வாரண்டி" என்றார் கடைப் பையன்.

வீட்டில் பெட்டியைப் பிரித்தபோது முதலில் சந்தேகப்பட்டது என் மனைவி. "ஏங்க, இந்த சார்ஜர் நம்ம பிளக்குல நுழையலையே?" இந்த ஊரில் தடித்த மூன்று உருண்டைப் பின் பிளக்தான் வழக்கம். பெட்டிக்குள் இருந்ததோ மெல்லிய இரண்டு பின். கடைக்காரர் பையில் ஒரு அடாப்டரைச் சேர்த்துப் போட்டிருந்தார். இலவசமாகத் தருகிறாரே என்று சந்தோஷப்பட்டேன். பெட்டியின் அடியில் ஒரு ஸ்டிக்கரைச் சுரண்டி எடுத்த தடம், விரல் வைத்தால் பிசுபிசுவென்று ஒட்டியது. அதையும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாள் சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டப் போனை நீட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. செட்டிங்ஸில் தேடினால் என்எஃப்சி என்ற வார்த்தையே இல்லை. மாடல் நம்பரைப் பார்த்தேன். நான் படித்த நம்பருக்கும் இதற்கும் கடைசி ஒரு எழுத்து வித்தியாசம். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு வேறு வேறு போன் செய்கிறார்கள். சில நாடுகளுக்குப் போகும் போனில் என்எஃப்சி சிப்பையே வைப்பதில்லை. இல்லாத சிப்பை எந்த அப்டேட்டாலும் கொண்டுவர முடியாது.

அப்புறம் கால் பிரச்சினை. நம்பரைப் போட்டால் மணி அடிக்கவே ஏழெட்டு நொடி ஆகும், 4ஜி போய் 3ஜி வந்து நிற்கும். 4ஜியிலேயே பேசும் வசதியை, இங்கே விற்கவென்று வந்த மாடல்களுக்குத்தான் நெட்வொர்க் திறந்து வைத்திருக்கிறதாம். செக்யூரிட்டி அப்டேட்டும் வாங்கிய நாளில் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

சரி, கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போனேன். அங்கிருந்த பெண் போனில் *#06# அழுத்தி, வந்த ஐஎம்இஐ நம்பரை (ஒவ்வொரு போனுக்கும் உள்ள அடையாள எண்) கம்ப்யூட்டரில் தட்டிவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பிக் காட்டினார். விற்பனை நாடு: வேறு ஏதோ நாடு. வாரண்டி இங்கே செல்லாது. கம்பெனிக்கு நான்கு மின்னஞ்சல் அனுப்பினேன். நான்குக்கும் வந்த பதில் ஒன்றே: ஐஎம்இஐ நம்பரை அனுப்புங்கள். அதை முதல் மின்னஞ்சலிலேயே எழுதியிருந்தேன்.

கடையில் வேறு பாட்டு. "இது இன்டர்நேஷனல் ஸ்டாக் அங்கிள், கம்பெனிகிட்டதான் கேக்கணும்." ரசீதின் கீழே இருந்த 'பணம் திருப்பித் தரப்பட மாட்டாது' முத்திரையைத் தொட்டுக் காட்டினார். நானும் நம்பி வீட்டுக்கு வந்துவிட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன்.

நம்மில் பலருக்குத் தெரியாத விஷயம் இது. தென்னாப்பிரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் (2008ஆம் ஆண்டின் 68ஆம் எண்) 25ஆம் பிரிவில், பிராண்டின் உரிமையாளர் அனுமதியில்லாமல் இறக்குமதியான பொருளை விற்றால் அதைக் கண்ணில் படும்படி எழுதி ஒட்ட வேண்டும் என்கிறது. 56ஆம் பிரிவு இன்னும் முக்கியம். பொருளில் குறை இருந்தால் ஆறு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம். ரிப்பேரா, வேறு பொருளா, பணமா என்று முடிவு செய்வது வாங்கியவர், கடைக்காரர் இல்லை. விற்ற கடைக்கும் இந்தப் பொறுப்பு உண்டு. கம்பெனியைக் கைகாட்டிவிட்டு அது ஒதுங்க முடியாது. ரசீதில் முத்திரை குத்தி இந்த உரிமையைப் பறிக்கவும் முடியாது. ஆன்லைனில் வாங்குகிறவர்களுக்கு, காரணமே சொல்லாமல் ஏழு நாளுக்குள் திருப்பித் தரும் உரிமை வேறு சட்டத்தில் இருக்கிறது. நான் நேரில் வாங்கியதால் அது எனக்கில்லை.

இதைப் படித்த பிறகு பணத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கடைக்கு எழுத்தில் கொடுத்தேன். பத்து நாள் பதில் இல்லை. நுகர்வோர் பொருள் சேவை ஆம்பட்ஸ்மனிடம் (வாங்கியவர், விற்றவர் தகராறுகளை விசாரித்துத் தீர்க்க உதவும் அமைப்பு) புகார் செய்தேன், அதற்குக் கட்டணம் கிடையாது. புகார் எண் வந்த பிறகுதான் கடையிலிருந்து போன் வந்தது. 4,000 தருகிறேன், விஷயத்தை முடித்துக்கொள்வோம் என்றார்கள். முழுப் பணமும் வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். ரசீது, பெட்டி, அந்த அடாப்டர் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்திருக்கிறேன்.

பணம் கொடுக்கும் முன்பு கடையிலேயே பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். பிளக்கைப் பாருங்கள். மாடல் நம்பரைக் கடைசி எழுத்து வரை சரிபாருங்கள். உங்கள் சிம்மைப் போட்டு ஒரு கால் செய்யுங்கள். 'இந்நாட்டு வாரண்டி' என்று ரசீதில் எழுதித் தரச் சொல்லுங்கள். தயங்கினால் கிளம்பிவிடுங்கள்.

நேற்று அந்த ஆர்கேட் வழியாகத்தான் வந்தேன். அதே மாடல் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது, விலை 6,900 என்று குறைத்திருக்கிறார்கள். அறிவிப்பு எதையும் ஒட்டவில்லை.