கீப்அலைவ்டியா, பேஸ்மேக்கரா?

இரண்டு லினக்ஸ் சர்வர், ஒன்று படுத்தால் இன்னொன்று வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். இதைச் செய்து தரும் மென்பொருள்கள்தான் கீப்அலைவ்டியும் பேஸ்மேக்கரும். அதில் ஓடுவது என்ஜின்எக்ஸ், ஹெச்ஏபிராக்ஸி மாதிரி எதையும் சேமித்து வைக்காத சர்வீஸ் என்றால் யோசிக்கவே வேண்டாம், கீப்அலைவ்டி போதும். ஒரே ஒரு கான்ஃபிக் ஃபைல்தான். வேலை செய்யும் சர்வர் (மாஸ்டர்) நொடிக்கொரு முறை 224.0.0.18 என்ற மல்டிகாஸ்ட் முகவரிக்கு, ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்லும் விஆர்ஆர்பி பாக்கெட் அனுப்பிக்கொண்டே இருக்கும், அது மூன்று நொடிக்கு மேல் வராவிட்டால் காத்திருக்கும் சர்வர் (பேக்கப்) இரண்டுக்கும் பொதுவான ஐபியைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும். ஃபயர்வாலில் புரோட்டோகால் 112ஐ (விஆர்ஆர்பியின் எண்) மட்டும் மறக்காமல் திறந்துவிடுங்கள், இல்லையென்றால் இரண்டுமே மாஸ்டராகிவிடும்.

டேட்டாபேஸ், பகிர்ந்த டிஸ்க் என்று வந்துவிட்டால் கதையே வேறு. ஒரே இஎக்ஸ்டி4 டிஸ்கை இரண்டு சர்வரும் ஒரே நேரத்தில் மவுன்ட் செய்து எழுதினால் டேட்டா சிதைந்துவிடும், கீப்அலைவ்டி அதைத் தடுக்காது. அங்கேதான் பேஸ்மேக்கரும், நோடுகள் (கிளஸ்டரில் உள்ள சர்வர்கள்) ஒன்றோடொன்று பேச உதவும் கோரோசிங்க்கும் வேண்டும். பதில் சொல்லாத நோடின் பவரையே ஐபிஎம்ஐ (சர்வரைத் தொலைவிலிருந்து கட்டுப்படுத்தும் வன்பொருள் வசதி) வழியாகப் பேஸ்மேக்கர் துண்டித்து, அது அணைந்தது உறுதியான பிறகுதான் அடுத்த நோடில் டிஸ்கை மவுன்ட் செய்யும். இதற்குப் பெயர் ஸ்டோனித்.

நிறுவுவது கொஞ்சம் இழுக்கும்தான்: எல்லா நோடிலும் கிளஸ்டருக்கான ஹெச்ஏகிளஸ்டர் பயனருக்குப் பாஸ்வேர்ட், கிளஸ்டரை அமைக்கும் பிசிஎஸ் கட்டளையில் ஆத், செட்டப், ஸ்டார்ட், அப்புறம் ரிசோர்ஸ்கள் (ஐபி, டிஸ்க், டேட்டாபேஸ் போன்றவை), அவற்றின் வரிசை. ஸ்டோனித் அமைக்காதவரை ரிசோர்ஸ் எதுவும் கிளம்பாது. உடனே அதை அணைத்துவிடச் சொல்லும் வழிகாட்டிகள் நிறைய, தயவுசெய்து கேட்காதீர்கள். அதை அணைத்துவிட்டுப் பேஸ்மேக்கர் ஓட்டுவதில் அர்த்தமே இல்லை.