வாட்ஸ்ஆப்பில் வகுப்பு விவாதம்: சில வருடங்கள் ஓட்டிப் பார்த்ததில்

வேலூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வரலாறு எடுக்கிறேன். கொரோனா சமயத்தில் வேறு வழியில்லாமல் தொடங்கிய வாட்ஸ்ஆப் குழுவை, கல்லூரி திறந்த பிறகும் விவாதத்துக்காகவே வைத்திருக்கிறேன்.

எல்லாமே கேள்வியைப் பொறுத்தது. "1806 வேலூர்ப் புரட்சிக்குக் காரணம் என்ன?" என்று போட்டால் கதை முடிந்தது. புதுத் தலைப்பாகை, நெற்றிக்குறிக்குத் தடை என்று எல்லோரிடமிருந்தும் ஒரே பதில் வந்து விழும், அதே எழுத்துப்பிழையோடு. "ஜூலை 10 அன்று ஆற்காட்டிலிருந்து ஆங்கிலேயத் தளபதி கில்லெஸ்பி குதிரைப்படையோடு வராமல் தடுக்க சிப்பாய்கள் என்ன செய்திருக்கலாம்?" என்று கேட்டுப் பாருங்கள். ஆற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் வரும் பையன் எழுதினான்: "அவங்க பாலாத்தைத் தாண்டவே வேணாம் சார், ரெண்டு ஊரும் ஒரே கரை. ரோட்டுலயே ஆளை நிறுத்தியிருக்கணும்." கோட்டைக் கதவைச் சாத்தியிருந்தால் போதும் என்றாள் ஒரு பெண். "கதவைத்தான் பீரங்கி வெச்சு உடைச்சாங்களே" என்று உடனே மறுப்பு. இதை எந்த கைடிலும் பார்த்து எழுத முடியாது.

வகுப்பில் வாயே திறக்காத பிள்ளைகளுக்கு வாய்ஸ் மெசேஜ் நல்ல வழி. தோல் தொழிற்சாலைக் கழிவால் பாலாறு கெட்டது பற்றி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னதே, அதைப் போட்டேன். கிணற்றுத் தண்ணீர் குடிக்க ஆகவில்லை என்றாள் வாணியம்பாடிப் பெண். ஆம்பூர்ப் பையனோ, "ஷூ கம்பெனியை மூடிட்டா எங்கம்மா எங்க சார் போவாங்க?" என்றான். இரவு பத்து மணிக்குமேல் நடந்த சண்டை அது. பின்னணியில் சீரியல் சத்தம் வேறு.

குறையும் உண்டு. குழுவில் இருப்பவர்களின் நம்பர் எல்லோருக்கும் தெரியும். பெண் பிள்ளைகளுக்கு அதுவே தலைவலி. டெலிகிராமில் நம்பரை மறைக்கலாம், பெயர் தெரியாமல் வாக்கெடுப்பும் நடத்தலாம். சாதி, வரதட்சணை மாதிரி விஷயங்களுக்கு அங்கேதான் போவேன். ஆனால் பாதிப்பேர் அதைத் திறப்பதே இல்லை. சிலருக்கு அப்பா போன்தான், அவர் வேலை முடிந்து வந்தால்தான் பதில். அதனால் சனி மாலை கேள்வி, ஞாயிறு இரவுவரை நேரம். அப்புறம் அட்மின் மட்டும் எழுதும்படி பூட்டிவிடுவேன். இல்லாவிட்டால் குட் மார்னிங் படங்களுக்கு நடுவே விவாதத்தைத் தேட வேண்டியிருக்கும்.

மதிப்பெண் மட்டும் போடாதீர்கள். போட்டால், "நானும் அதையேதான் நினைக்கிறேன் சார்" என்று வரிசையாக வரும்.