டச் ஸ்கிரீனா, திருகும் நாபா?

போன நவம்பரில் மதுராந்தகம் தாண்டும்போது நல்ல மழை பிடித்துக்கொண்டது. ஐந்தே நிமிடத்தில் முன்கண்ணாடியின் உள்பக்கம் முழுக்க ஆவி படர்ந்துவிட்டது. என் பழைய காராக இருந்தால் கண் சாலையில் இருக்கும்போதே கை தானாகப் போய் நாபைத் திருகியிருக்கும். அன்று ஓட்டியது தம்பியின் புதுக் கார். திரையில் ஏசி பக்கத்தைத் திறந்து, கண்ணாடிப் படத்தைத் தேடிப்பிடித்து, ஈர விரலால் இரண்டு முறை தட்டியும் ஏற்கவில்லை. ஓரங்கட்டித்தான் சரிசெய்தேன்.

80 கிலோமீட்டர் வேகத்தில் இரண்டு விநாடி கண்ணை எடுத்தால் கார் 44 மீட்டர் போய்விடும். 2022-ல் சுவீடனின் 'வி பீலேகரே' பத்திரிகை 110 கிலோமீட்டர் வேகத்தில் இதைச் சோதித்தது. ஏசி, ரேடியோ என்று நான்கு வேலைகள். பட்டன்கள் நிறைந்த 2005 மாடல் வால்வோ வி70-ல் எல்லாம் 10 விநாடியில் முடிந்தன. கார் கடந்தது 306 மீட்டர். எம்ஜி மார்வெல் ஆர் காரின் திரையில் 44.9 விநாடி, 1,372 மீட்டர்! ஆனால் பெரும்பாலும் திரையை நம்பியிருக்கும் வால்வோ சி40 காரில் 13.7 விநாடிதான். ஆக, திரையை ஒழுங்காக அமைத்தால் பாதிப் பிரச்சினை தீரும்.

மேப்புக்கும் ரிவர்ஸ் கேமராவுக்கும் திரைக்கு மாற்றே கிடையாது. குறுகலான தெருவில் வண்டியைப் பின்னால் எடுப்பவர்களுக்கு இது தெரியும்.

ஷோரூமில் நாம் முதலில் கேட்பது "ஸ்கிரீன் எத்தனை இன்ச்?" என்றுதான். தினமும் ஒரு புது வண்டியில் ஏறும் ஆக்டிங் டிரைவரைக் கேட்டுப்பாருங்கள். நாப் இருந்தால் அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். திரை என்றால் ஒவ்வொரு காரிலும் மெனு வேறு. நிறுவனங்களுக்கோ திரைதான் லாபம்: தனித்தனி சுவிட்ச், வயர் செலவு மிச்சம். வாய்ஸ் கமாண்ட் இருக்கிறதே என்பார்கள். ஜன்னல் திறந்திருந்தால் அது திணறுகிறது.

என் ஓட்டு இப்படி: மேப், கேமரா, பாட்டு லிஸ்ட் திரையில் இருக்கட்டும். வால்யூம், ஏசி, கண்ணாடி ஆவி எடுப்பது மூன்றும் கைக்குத் தட்டுப்பட வேண்டும். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து மதிப்பெண் தரும் யூரோ என்கேப் அமைப்பு 2026 முதல் இண்டிகேட்டர், ஹசார்ட் விளக்கு, ஹாரன், வைப்பர், அவசர அழைப்பு ஆகியவற்றுக்குத் தனி பட்டனோ லீவரோ இருக்க வேண்டும் என்று மதிப்பெண் விதிகளை மாற்றியிருக்கிறது. ஆவி எடுக்கும் பட்டன் அந்தப் பட்டியலில் இல்லை. அதையும் சேர்த்திருக்க வேண்டும்.